உன் உலைக்கு ஒரு ப்ளோவர்

ஆரையம்பதி
ஆடி மாதம்

அன்பின் மச்சான்,

நலம். உன் நலத்தையும் வீட்டில் எல்லாருடைய நலத்தையும் அறிய ஆவல். கடிதம் கிடைத்த அன்றே பதில் போட நினைத்தேன். ஆனால் உலைக்குக் காற்று ஊத எந்த ப்ளோவர் வாங்குவது என்று நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரித்து, சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வயல் வேலை ஓய்ந்த நேரத்தில் தாக்கத்தி, மண்வெட்டி திருத்தவும் லொறி ஸ்பிரிங் தகட்டில் கத்தி அடிக்கவும் வளவுக்குள் சின்னதாக ஒரு உலை போடப் போகிறாய் என்று வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நம் பக்கத்துக் கொல்லர்களின் கம்மாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகின்றன. கடையில் வாங்கும் தகரக் கத்தி ஒரு போகம் தாங்குவதில்லை. நீ செய்யப் போவது தேவையான வேலை.

முடிவை முதலில் சொல்கிறேன். புது ப்ளோவர் வாங்காதே. பழைய வேனில் கழற்றிய ஏசி ப்ளோவர் ஒன்று எடுத்தால் போதும். காத்தான்குடியில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் கடையில் ஒன்று பார்த்து 2,500 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறேன். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பற்றறி கொடுத்து ஓடவிட்டும் பார்த்தேன்.

இனிக் காரணம். சிரட்டைக்கரி ஒரு கிலோ முழுதாக எரிய 8, 9 கன மீட்டர் காற்று வேண்டும். உன் உலை மணிக்கு 2 கிலோ கரி தின்கிறது என்று வை. அப்படியும் நிமிடத்துக்கு 300 லீட்டர் காற்றோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கல்முனையில் பார்த்தாயே, தூசி ஊதும் 600 வாட் ப்ளோவர், அந்த மாதிரிச் சாமான் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கன மீட்டர் தள்ளும். உனக்கு வேண்டியதைப் போல பத்து மடங்கு! அதை நேரே உலைக்குள் விட்டால் கரி பறக்கும், பொறி எழும்பும், தீயின் நடுவில் பள்ளம் விழும். அதைவிட மோசம், எரியாமல் மிஞ்சும் ஒட்சிசன் இரும்பைத் தின்னத் தொடங்கும். மேல்தோல் செதில் செதிலாக உரியும். மெல்லிய கத்தி என்றால் அடித்து முடிப்பதற்குள் பாதி கரைந்துவிடும். சத்தமும் அக்கம்பக்கம் தாங்காது.

அதற்காக எந்த விசிறியையும் வைத்துவிடலாம் என்றும் இல்லை. களத்தில் நெல் தூற்ற உழவு மெசினில் பூட்டும் விசிறி உனக்கு நினைவிருக்கும். பதரை அது எட்டத் தள்ளும். ஆனால் அதன் வாயில் ஒரு பலகையைப் பிடித்தால் காற்று பக்கவாட்டில் சிதறிப் போகும். மேசை விசிறி, கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி எல்லாம் அதே சாதிதான். காற்று நிறைய இருக்கும், அழுத்தம் இருக்காது. குழாய்க்குள் நுழைந்து ஒரு சாண் கரியைத் தாண்டி வர அழுத்தம் வேண்டும். அதைத் தருவது கூண்டுச் சக்கரம், நத்தை ஓடு போன்ற உறைக்குள் சுழன்று காற்றை விளிம்புக்கு எறிகிறதே, அது. வேன் ப்ளோவர் அந்த வகை.

உன் மகன் சொன்ன தலைமயிர் உலர்த்தியும் தப்பான யோசனை அல்ல. அவசரத்துக்கு அதில் வேலை செய்யலாம். ஒரு விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லிவிடு. சூட்டுக் கம்பி தேவையில்லை என்று அதை வெட்டி எறியக் கூடாது. பல உலர்த்திகளில் மோட்டர் சின்ன வோல்ட்டில் ஓடுவது. 230 வோல்ட்டை அதற்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பதே அந்தக் கம்பியின் ஒரு பகுதிதான். அதை எடுத்துவிட்டு நேரே மின்சாரம் கொடுத்தால் மோட்டர் அந்த நொடியே கருகும். குளிர்காற்றுப் பொத்தான் இருக்கிற உலர்த்தி என்றால் அப்படியே பாவிக்கட்டும்.

வேன் ப்ளோவர் 12 வோல்ட். மெதுவாக ஓடினால் 4, 5 அம்பியர்தான் இழுக்கும். கரண்ட் இல்லாத நாளிலும் உழவு மெசின் பற்றறியில் கொழுவி வேலை செய்யலாம். 2022இல் மின்வெட்டால் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை நான் சின்ன விஷயமாக எடுப்பதில்லை. பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்காதே, அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதானால் பழுதான கணினியின் பவர் சப்ளை ஒன்று பார். பச்சை வயரையும் கறுப்பு வயர் ஒன்றையும் சேர்த்தால் அது தானே உயிர் பெறும், மஞ்சள் வயரில் 12 வோல்ட் வரும். ப்ளோவரோடு வேகம் குறைக்கும் ஒரு கம்பிச்சுருளும் வரும். அதைக் காற்றோட்டத்துக்குள்ளேயே விட்டுவிடு. வெளியே எடுத்து வைத்தால் சூடேறிப் போய்விடும்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இன்னும் வேலை நடக்கிற ஒரு கம்மாலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். தோல் துருத்தி அங்கே இப்போது இல்லை. சைக்கிள் றிம் ஒன்றைக் கட்டையில் பூட்டி, ரியூப் வெட்டிய வாரால் சின்னக் கூண்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். பெடலைக் கையால் நிமிடத்துக்கு 60 தரம் சுற்றினால், சங்கிலியும் றிம்மும் சேர்ந்து அந்தச் சக்கரத்தை இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் கொண்டுபோகும். சுற்றுவது தம்பி. பெரியவர் கரிக்குள்ளே பார்த்தபடி இருக்கிறார். தேங்காய் அளவு இடம் மட்டும் மஞ்சளாகக் கனல்கிறது, சுற்றிவரக் கரி கறுப்பாகவே கிடக்கிறது. தலையை நிமிர்த்தாமல் "மெதுவா" என்கிறார், தம்பியின் கை தளர்கிறது. குறட்டால் இரும்பை வெளியே எடுத்ததும் காற்று நிற்கிறது. பட்டடையில் நாலைந்து அடி அடித்து மறுபடி உள்ளே வைக்கும்போதுதான் காற்று திரும்ப வருகிறது. ஒரு சின்னக் கூடை கரியில் அவர் பார்த்த வேலையைப் பார்த்து அசந்துபோனேன்.

மோட்டர் அப்படி நிற்காது. இரும்பு வெளியே இருக்கும்போதும் ஊதிக்கொண்டே கரியைச் சாம்பலாக்கும். அதனால் காற்றைப் பிடித்து விட உனக்கு ஒரு வழி வேண்டும். சுவிட்சை நிறுத்தி நிறுத்திப் போடாதே. காற்று நின்றால் உலையின் வாயு குழாய் வழியே பின்னால் வந்து தேங்கும். திரும்பப் போடும்போது அது 'டப்' என்று பற்றும். குழாயை அடைக்கவும் வேண்டாம், சில மோட்டர்களுக்கு அந்தக் காற்றுத்தான் குளிர்ச்சி. குழாயின் நடுவில் மூன்று வாயுள்ள 'டீ' இணைப்பு ஒன்றைப் பூட்டி, அதன் பக்க வாயில் தகர மூடி ஒன்றைக் கீலில் வை. மூடியிலிருந்து கயிறு கட்டிக் காலடிப் பலகைக்குக் கொண்டுவா. மிதித்தால் மூடி திறந்து காற்று வெளியே போகும், காலை எடுத்தால் உலைக்குப் போகும். இரண்டு கையும் குறட்டுக்கும் சுத்தியலுக்கும் மிஞ்சும். எனக்கென்றால் ப்ளோவரைவிட இந்த மூடிதான் பெரிய சாமான். வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி வைத்துவிடு.

ப்ளோவர் பக்கம் பி.வி.சி. இருக்கலாம். தீயிலிருந்து மூன்று அடிக்காவது இரும்புக் குழாய் வேண்டும், அதுவும் கறுப்பு இரும்பு. நாகம் பூசிய ஜி.ஐ. குழாய் சூடானால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். உலைக்கு நீ எடுத்து வைத்திருக்கும் பிரேக் ட்ரமில் அடியால் காற்று விடுவதைவிட, உள்ளே புற்றுமண் குழைத்துப் பூசிப் பக்கத்தால் விடு. மரக்கரிக்கும் சிரட்டைக்கரிக்கும் அதுதான் பொருந்தும், சாம்பல் குழாய்க்குள் விழாது.

ஸ்பிரிங் தகட்டைச் செம்மஞ்சளாக இருக்கும்போதே அடி. சிவப்பு மங்கிய பிறகு அடித்தால் வெடிப்பு விழும். துவைச்சலுக்கு, அதாவது சூடான இரும்பை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவதற்கு, காந்தத்தைப் பிடித்துப் பார், 770 பாகைக்குக் கிட்ட இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் இறக்கு. கண்டல் வெட்டிச் சுட்ட கரி யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதே மச்சான். வாவிக்கரையில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

காற்றைப் பற்றி எழுதும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ அணைக்கட்டு வந்த காலத்தில், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளை ஜில் ஜூலெப் என்ற தொல்லியலாளர் கண்டுபிடித்தார். 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான உலைகள். துருத்தியே இல்லை! தென்மேல் பருவக்காற்று முன்சுவரைத் தாண்டி அடிக்கும் வேகத்தில், குழாய்களால் காற்று தானே உள்ளே இழுபடும். அதே மாதிரி உலை கட்டி இரும்பு உருக்கிக் காட்டி, 1996இல் எழுதியும் வெளியிட்டார். அந்தக் காற்றுத்தான் மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இந்த நேரம் உன் வளவிலும் என் வளவிலும் கச்சான் காற்றாக அடிக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து நம் நாட்டுக் கொல்லர்களை நினைக்க நெஞ்சு நிமிர்கிறது.

அதே கச்சான் உனக்கு எதிரியும்தான். உன் வேலி கிடுகு. ஆவணி முடியும் வரை பகலில் உலை மூட்டாதே. காற்று விழுந்த விடியற்காலையில் மூட்டு, வாளியில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கொட்டிலின் நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும், கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமே இல்லை, தேங்கினாலும் தெரியாது.

இங்கே சிறுபோகம் பரவாயில்லை. அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, உன்னை அடிக்கடி கேட்பார். ஆடி அமாவாசைத் தீர்த்தம் இங்கே மாமாங்கக் கோயிலுக்கும் உன் பக்கம் திருக்கோவில் ஊர்க் கோயிலுக்கும் ஒரே நாளில் வருவதால் இந்த முறையும் நீ அங்கே, நான் இங்கே. தீர்த்தம் முடிந்த கிழமை கல்முனை பஸ்ஸில் ப்ளோவரோடு வருகிறேன். அதற்கு முன் ட்ரமின் ஆழத்தையும் பக்கத்தில் துளை போட எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்து எழுது. ஒரு அங்குலக் குழாயா முக்கால் அங்குலமா என்று பார்த்து, இங்கேயே வெட்டிக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்