புள்ளிக் கணக்கில் இந்தச் சைக்கிளையும் சேருங்கள்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கப் பெரியவர்களுக்கும், நகர விடுதிகளைப் பராமரிக்கும் ஐயாமார், ஆச்சிமாருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கத்து எலக்ட்ரீஷியன். உங்கள் வீடுகள் பலவற்றில் முகப்பிலிருந்து அடுப்படி வரை வயர் இழுத்தவன். தேக்குத் தூணில் ஒரு ஆணித் தடம் விழாமல் பழைய வயரிங்கைப் பிரித்துப் புதுசு போடத் தெரிந்தவன் என்று என்னைத் தேடிக் கூப்பிடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் சீரியல் பல்பு கட்டும்போது ஏணி வழுக்கியது. முதுகுத்தண்டில் கழுத்துக்குக் கீழே எட்டாவது எலும்பு, டி-8 என்று டாக்டர்கள் சொல்கிற இடம், நொறுங்கிவிட்டது. தொப்புளுக்குச் சற்று மேலே தொடங்கி, அதற்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அந்த வீட்டு ஆச்சி ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். யார் மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னைப் போன்றவர்கள் தங்கள் காலாலேயே மிதிக்க உதவும் ஒரு சைக்கிளுக்காக உங்களிடம் உதவி கேட்கவே எழுதுகிறேன்.

போன வருஷம் வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று வாரம் தங்கினேன். அங்கேதான் மின்தூண்டல் சைக்கிளைப் பார்த்தேன். சக்கர நாற்காலியிலிருந்து இறங்க வேண்டியதில்லை. பாதத்தைப் பெடலில் வைத்துப் பட்டையால் கட்டுகிறார்கள். முன்தொடை, பின்தொடை, பிட்டம் என்று இரண்டு பக்கமும் பசையுள்ள பேடுகளை ஒட்டுகிறார்கள். பெடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மிஷின் கவனித்துக்கொண்டே இருக்கும். முன்தொடை தள்ள வேண்டிய நேரத்தில் முன்தொடைக்கும், பின்தொடை இழுக்க வேண்டிய நேரத்தில் பின்தொடைக்கும் மின்துடிப்பை அனுப்பும். முதல் நாள் ஒரு நிமிஷம்கூட என் கால் தாங்கவில்லை, மோட்டார்தான் சுற்றியது. மூன்றாவது வாரம் பன்னிரண்டு நிமிஷம் என் சொந்தச் சதை சுற்றியது. இதயம் படபடத்தது, மூச்சு வாங்கியது. ஐந்து வருஷமாகக் கையால் தூக்கி வைக்கிற சாமானாக இருந்த கால்கள் அவை. அன்று நான் அழுததைப் பார்த்து என் மனைவி பயந்துவிட்டாள்.

கரண்டை உடம்பில் விடுவதா என்று கேட்பீர்கள். தொழில்காரன் என்பதால் நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடுகிற சுவிட்சான உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். இந்த மிஷினிலோ 100 மில்லி ஆம்பியருக்கு மேலும் போகலாம். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரம்தான் நிற்கிறது. வினாடிக்கு முப்பது முதல் ஐம்பது துடிப்பு. அதுவும் தொடையில் ஒட்டிய இரண்டு பேடுகளுக்கு இடையிலேயே ஓடி முடிந்துவிடும், மார்புப் பக்கம் போகாது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். உணர்வில்லாத தோல் வெந்தால்கூட நமக்குத் தெரியாது.

மூளையிலிருந்து வருகிற மெயின் லைன் எனக்கு முதுகில் அறுந்திருக்கிறது. ஆனால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடைக்குப் போகிற வீட்டு வயரிங் அப்படியே இருக்கிறது. அதனால்தான் வெளியிலிருந்து துடிப்புக் கொடுத்தால் சதை கேட்கிறது. போலியோ வந்தவர்களுக்கும், முதுகின் அடிப்பகுதியில் நரம்புக் கொத்தே நசுங்கியவர்களுக்கும் அந்த வீட்டு வயரிங்கே போயிருக்கும், அவர்களுக்கு இது பயன்படாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், எலும்பு முறிந்து ஆறாதவர்கள் உட்காரக் கூடாது. டி-6-இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குத் திடீரென ரத்த அழுத்தம் எகிறலாம். அது உயிருக்கே ஆபத்து, பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தே ஆக வேண்டும். நாள்பட்டுக் கால் செயலிழந்து கிடப்பவர்களின் கால் எலும்பு சத்திழந்து போயிருக்கும் என்பதால் அதையும் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இது நடக்க வைக்காது. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நடந்துவிடலாம் என்று சொல்லியே எங்களிடம் காசு பிடுங்கியவர்கள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜெரால்டு பெட்ரோஃப்ஸ்கி என்ற விஞ்ஞானி கம்ப்யூட்டர் வைத்து இந்தத் தூண்டலைச் செய்து காட்டியபோது உலகமே நடையைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் ஆஸ்பத்திரிகளில் நிலைத்து நின்றது சைக்கிள்தான். 2016-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் அருகே நடந்த சைபத்லான் போட்டியில், கால் செயலிழந்தவர்கள் இப்படித் தூண்டிய தங்கள் கால்களாலேயே 750 மீட்டர் மிதித்துப் பந்தயம் ஓட்டினார்கள். அத்தனை பயிற்சி இல்லாத என்னைப் போன்றவருக்குக் கிடைப்பது பத்து இருபது வாட் சக்தி, ஒன்றிரண்டு எல்.இ.டி. பல்பு எரிகிற அளவு. இயற்கையாக நடக்கும்போது உடம்பு சதை இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்கும். மின்துடிப்புக்கு அந்த நிதானம் கிடையாது, திரும்பத் திரும்ப அதே இழைகளையே கூப்பிடும். அதனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அந்த இருபது வாட் எங்களுக்கு என்ன என்பதை உட்கார்ந்தே வாழ்கிறவனிடம் கேளுங்கள். கையை மட்டும் அசைத்து இதயத்துக்கு வேலை கொடுப்பது கடினம், உடம்பின் பெரிய சதையெல்லாம் காலில் இருக்கிறது. தொடையிலும் பிட்டத்திலும் சதை கொஞ்சம் திரும்பினால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு திண்டு போட்ட மாதிரி, ரத்தமும் ஓடும். படுக்கைப் புண்ணால் எட்டு மாதம் குப்புறக் கிடந்தவன் நான், அந்தத் திண்டின் விலை எனக்குத் தெரியும். சைக்கிள் மிதித்த நாட்களில் ராத்திரி கால் வெட்டி இழுப்பதும் குறைந்தது. எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் குறைந்தது.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாம் நின்றுபோனது. இதை வாரத்துக்கு மூன்று நாள், விடாமல் செய்ய வேண்டும். விட்டால் சதை மறுபடி கரைந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்த பிறகு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார், மூட்டு இறுகாமல் காலை மடக்கி நீட்டிவிடுகிறார். அவருக்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் அவர் கை அசைக்கிற காலில் என் சதை வேலை செய்வதில்லை. வாரம் மூன்று முறை மதுரைக்கோ திருச்சிக்கோ வாடகைக் கார் பிடிக்க எங்களில் யாருக்கு வசதி? சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், பனையிலிருந்து விழுந்தவர், மஞ்சுவிரட்டில் மாடு தூக்கி எறிந்த பையன், பைக்கில் போய் விழுந்த கல்லூரி மாணவன் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கே பதினோரு பேரைத் தெரியும்.

அதனால் உங்களிடம் வருகிறேன். ஒரு கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி என்று பிரித்துக் கோயிலையும் குளத்தையும் காப்பாற்றி வருகிறவர்கள் நீங்கள். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி வைத்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த வழியில் வந்த உங்களிடம் நான் கேட்பது இந்தச் சைக்கிளுக்கு ஒரு அறை.

மிஷினை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். விலை பல லட்சம் என்றாலும் அது ஒரு தடவைச் செலவு, பளிங்கில் பெயர் பொறித்துத் திறந்துவிடலாம். அப்படித் திறந்த ஒரு மிஷினை நான் பார்த்திருக்கிறேன். பேடு தீர்ந்து, பயிற்சி பெற்ற ஆள் வேலையை விட்டுப் போய், மேலே வேட்டி போர்த்திக் கிடந்தது. புள்ளி வரி மாதிரி வருஷா வருஷம் வருகிற பணம் வேண்டும்: ஒரு பிசியோதெரபிஸ்டின் சம்பளம், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பேடுகள், ரிப்பேர், வாசல் வரை கொண்டுவந்து விட ஒரு வேன். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் திறந்திருந்தால், தடவைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து, வாரத்துக்கு 48 தடவை உட்காரலாம். ஆளுக்கு மூன்று முறை என்றால் ஒரே மிஷினில் பதினாறு பேர். நான் சொன்ன பதினோரு பேரும் அதில் அடங்கிவிடுவார்கள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற விடுதிகள் நம் பக்கம் எத்தனையோ. ஆத்தங்குடித் தரையில் சக்கர நாற்காலி எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். வாசல் படிதான் எங்களுக்குத் தடை, அதன் ஒரு ஓரத்தில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் போட்டால் போதும். முகப்பின் அழகு கெடாது, அதை நான் விட மாட்டேன்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். அறையின் சாவி கிடைத்த அன்றே வந்து தனி எர்த், ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட், கரண்ட் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன். என்னிடம் தொழில் படித்த தம்பி ஏணியில் ஏறுவான். நான் கீழே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீடுகளுக்கு வயர் இழுத்தவன்