தோமாரில் கதை முடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, சிலுவைப் போர்க் காலத்து டெம்ப்ளர் வீரத் துறவிகள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அவர்களின் தலைவர் ஜாக் த மொலே 1314-இல் பாரிஸில் எரிக்கப்பட்டதைச் சொல்லி, ‘அத்தோடு அந்தச் சபையின் கதை முடிந்தது’ என்று கட்டுரையாளர் நிறுத்திவிட்டார். பிரான்சைப் பொறுத்தவரை அது சரி. போர்த்துகலில் அப்படி நடக்கவில்லை. வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

போர்த்துகலில் தோமார் என்ற ஊரில், குன்றின் மேல் அவர்களின் கோட்டை இருக்கிறது. 1160-இல் கட்டத் தொடங்கியவர் அந்நாட்டு டெம்ப்ளர் தலைவர் குவால்திம் பாய்ஸ். 1190-இல் மொராக்கோவை ஆண்ட அல்மொஹத் முஸ்லிம் அரசின் படை முற்றுகையிட்டபோது அவருக்கு எழுபது வயதிருக்கும். கோட்டை விழவில்லை.

1312-இல் போப்பாண்டவர் சபையைக் கலைத்தார். சொத்துகள் போட்டிச் சபைக்கோ வெளியாருக்கோ போவதில் போர்த்துகல் மன்னர் தினிஸுக்குச் சம்மதமில்லை. ஏழு வருடம் விடாமல் பேசி, 1319-இல் ‘கிறிஸ்து சபை’ என்று புதிதாக ஒன்றைத் தொடங்க போப்பாண்டவரின் அனுமதி வாங்கினார். நிலமும் கோட்டைகளும் அதற்குப் போயின. பழைய வீரர்கள் பலரும் அதில் சேர்ந்தார்கள். தெற்கே கஸ்த்ரோ மரிமில் சில காலம் இருந்த தலைமையிடம் 1357-இல் தோமாருக்கே திரும்பியது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். டெம்ப்ளர்கள் கட்டிய கோயில் வெளியே பதினாறு பட்டை; உள்ளே எட்டுத் தூண்கள் சூழ்ந்த நடுமண்டபம், அதைச் சுற்றிவரப் பிரகாரம். எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோயிலை மனத்தில் வைத்துக் கட்டியது. பின்னால் மனுவேல் மன்னர் காலத்து ஜன்னல் ஒன்று உண்டு. முறுக்கிய கயிறும் முடிச்சும் கடற்பாசியும் எல்லாமே கல். உச்சியில் கிறிஸ்து சபையின் சிலுவை. அதன் முன் வெகுநேரம் நின்றேன்.

அந்தச் சிலுவை நமக்கு அந்நியமில்லை. வாஸ்கோ ட காமாவின் பாய்களில் இருந்தது அதுதான். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் எந்தப் பதுரவாதோ உரிமையின் (திருச்சபைப் பொறுப்பைப் போர்த்துகல் மன்னருக்கு அளித்த உரிமை) கீழ் தொடங்கியதோ, அதன் வேர்களில் ஒன்று இந்தச் சபைக்கு 1456-இல் போப்பாண்டவர் கொடுத்த அதிகாரம்.

கட்டுரை நூலாக வரும்போது அந்தக் கடைசி வரியைத் திருத்தி, தோமாருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி