கண்ணுவுக்கு: பாலிசியை முழுசாகப் படித்துவிட்டேன்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புக் கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய பாலிசியை ஐந்து ரோடு கடையில் அச்செடுத்து வந்து, கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். முதலில் உனக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று உங்கள் எச்.ஆர். சொன்னது சரியில்லை. கிடைக்கும். ஆனால் சும்மா கிடைக்காது. நிபந்தனைகள் இருக்கின்றன, அந்த நிபந்தனைகளுக்குள் நீ வருகிறாய் என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் உனக்கு மெயிலில் அனுப்பியது இரண்டு பக்கச் சுருக்கம். அதில் ‘உடல் பருமன் சிகிச்சை: இல்லை’ என்று ஒரே வரி. அந்தச் சுருக்கம் ஒப்பந்தம் ஆகாது. கம்பெனிக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் இடையில் இருக்கும் முழுப் பாலிசிதான் ஒப்பந்தம். நான் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் மேஜையில் இருந்த காலத்தில், ஃபைலில் உடல் பருமன் என்ற சொல்லைக் கண்டாலே ஒதுக்கிவிடுவார்கள், அப்போதைய பாலிசிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக விலக்குகளின் (எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலின்) வாசகத்தை வகுத்துக் கொடுத்தது. அதில் 06 என்று எண் போட்ட பத்திதான் உன்னுடையது. எந்தெந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் பணம் கிடையாது என்று அந்தப் பத்தி சொல்கிறது. அப்படியென்றால் எல்லாம் நிறைவேறினால் அந்த விலக்கு உன்னைத் தடுக்காது. எச்.ஆரில் இருக்கும் பையனோ பெண்ணோ தலைப்பை மட்டும் படித்திருப்பார்கள்.

நிபந்தனைகள் இவை. டாக்டர் சொல்லி அறுவை செய்ய வேண்டும், அது மருத்துவ நெறிமுறைப்படி இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றிலும் பிரச்சினை இல்லை. நான்காவது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். அது 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். 35 அல்லது அதற்கு மேல் இருந்து 40ஐத் தொடவில்லை என்றால், கூடவே கடுமையான ஒரு நோய் இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசைக் கோளாறு, இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, இவற்றில் ஒன்று. அதோடு, சாதாரண வழிகளில் எடையைக் குறைக்கப் பார்த்தும் முடியாமல் போயிருக்க வேண்டும்.

உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 98 கிலோ, 160 சென்டிமீட்டர். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 38.3 வருகிறது. இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது, கண்ணு. நம் நாட்டு உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன என்று டாக்டர்களுக்குத் தெரியும். அதனால் இந்தியர்களுக்கு நோய் எதுவும் இல்லாவிட்டாலும் 37.5, நோய் இருந்தால் 32.5 என்ற அளவிலேயே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று இங்கே நெறிமுறை வைத்திருக்கிறார்கள். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இன்னும் கீழே இறங்கி, நோய் இல்லாமலே 35 போதும் என்கிறது. பாலிசி மட்டும் இன்னும் 40இல் நிற்கிறது. உன் சர்ஜன் “நீங்கள் தாராளமாகச் செய்துகொள்ளலாம்” என்று சொன்னதும் உண்மை, டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் நிறுவனம்) அதே தாளைப் பார்த்து மறுக்க முடியும் என்பதும் உண்மை. இந்த இடைவெளியில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மா ஒன்று சொன்னாள். தீபாவளிக்கு ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் படுத்திருந்தோமே, அன்று இரவு முழுக்க அவள் தூங்கவில்லையாம். நீ குறட்டை விடுவாய், திடீரென்று சத்தமே இருக்காது, மூச்சு நின்றது போல இருக்கும், அப்புறம் திணறிக்கொண்டு இழுப்பாய். குளிருக்காக என்று உன்னிடம் சொல்லிவிட்டு, உண்மையில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தாள். காலையில் உனக்குத் தலைவலி, பகலில் காரில் உட்கார்ந்தால் தூக்கம். இதெல்லாம் ஸ்லீப் ஆப்னியாவின் அடையாளங்கள். ஆனால் அம்மா பார்த்ததை கிளெய்மில் ஒட்ட முடியாது. இரவு முழுக்கக் கருவிகளை மாட்டி எடுக்கும் தூக்கப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள். ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்று அதில் எண்ணிக்கை வரும். 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான வகை. பாலிசியில் ‘கடுமையான’ என்ற சொல் இருப்பதால், அறிக்கையிலும் அந்தச் சொல் இருக்க வேண்டும். கூடவே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடு.

இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் இது முன்கூட்டியே தெரிய வேண்டும். கிளெய்ம் போனால் போகட்டும், பரிசோதனை செய்யாமல் ஆபரேஷன் மேஜையில் படுக்காதே.

முயன்று பார்த்ததற்கான தாள்களையும் தேடி எடு. டயட்டீஷியன் சீட்டு, ஜிம் ரசீது, எடை குறைய அந்த ஊசி போட்டாயே அதன் பில், எல்லாம் தேதியோடு வேண்டும். நோய் பொய் என்று திரும்பிய ஃபைலை நான் அதிகம் பார்த்ததில்லை. தாள் குறைகிறது என்று திரும்பியவைதான் கட்டுக்கட்டாக இருக்கும். சர்ஜன் கொடுக்கும் கடிதத்தில் உயரம், எடை, பி.எம்.ஐ., கூட இருக்கும் நோய், முன்பு செய்த முயற்சிகள், செய்யப்போகும் அறுவையின் பெயர், எல்லாம் இருக்கிறதா என்று நீயே ஒருமுறை படித்துப் பார். தோற்றத்துக்காக என்ற வாடை எங்கும் வரக் கூடாது. அழகுக்கான சிகிச்சை என்பது 08ஆம் விலக்கு, அது வேறு. பின்னால் எடை இறங்கித் தோல் தொங்கினால் அதைச் சரிசெய்யக் கேட்கும் கிளெய்ம் பெரும்பாலும் அந்த 08இல்தான் போய் முட்டும். அதற்கு இந்தப் பாலிசியை நம்பியிருக்காதே.

அழகு என்றதும் சின்ன அத்தை ஞாபகம் வருகிறது. “வாயைக் கட்டினால் போதாதா, கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் வயிற்றை ஏன் அறுக்கணும்” என்று போனில் கேட்டாள். நான் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். நீ வாயைக் கட்டவில்லையா? கட்டினாய், இறங்கியது, மறுபடி ஏறியது. எடை குறைந்ததும் உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைச் சுருக்கி, பழைய எடைக்கே இழுக்கிறது. அது உன் மனவலிமையின் குறை இல்லை. ஸ்லீவ் என்ற வகை எடை குறைப்பு அறுவையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போகிறது. அதனால்தான் பட்டினியால் முடியாதது அறுவையால் முடிகிறது. பெண் பார்க்க வருபவர்களுக்காக நீ இதைச் செய்யவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்குவதற்காகச் செய்கிறாய். அறுவைக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும் என்கிறார்கள். அதைச் சம்பந்தம் பேசுகிறவர்களிடம் நானே நேரில் சொல்வேன். ஒத்துக்கொள்ளாத இடம் நமக்கு வேண்டாம்.

சரி, பணம். உன் காப்பீட்டுத் தொகை 5 லட்சம். ஆனால் சிறப்பு நிபந்தனைகள் அட்டவணையில், பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு அறுவைக்கு 2.5 லட்சம்தான் உச்சவரம்பு என்று போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி கொடுத்த மதிப்பீடு 4.2 லட்சம். மீதி 1.7 லட்சத்துக்கு நீ பர்சனல் லோன் எடுக்க வேண்டாம். என் டெபாசிட் ஒன்று தை மாதம் முதிர்கிறது, அதைப் புதுப்பிக்கப் போவதில்லை. அறை விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. அறை வாடகைக்கு வரம்பு நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். அதைவிட உயர்ந்த அறை எடுத்தால் கூடுதல் வாடகை மட்டும் கைக்காசு ஆகாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் வெட்டுப்படும். இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்லர் கருவியின் செலவு இந்த அறுவையில் பெரியது, அது மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா, டி.பி.ஏ. ஒத்துக்கொள்ளுமா என்று ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்கில் முன்பே கேள்.

அந்தப் புதுக் கம்பெனி ஆஃபர் பற்றி. இப்போது ராஜினாமா எழுதாதே. வேலையை விட்டால் இந்தக் குழுப் பாலிசியும் உன்னை விட்டுப் போய்விடும். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். 2024இல் அதை அதிகபட்சம் 3 வருடமாகக் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் 3 வருடம் மூச்சுத் திணறிக்கொண்டு யார் காத்திருப்பது? உங்கள் பாலிசி மார்ச் 31இல் முடிகிறது. புதுப்பிக்கும்போது கம்பெனி செலவைக் குறைக்கப் பார்த்தால் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட சலுகைகளில்தான். அதற்காக அவசரப்படு என்று சொல்லவில்லை. உனக்கு மனம் தயாராகவில்லை என்றால் பாலிசி போகட்டும், வேறு வழி பார்ப்போம். மனம் தயார் என்றால் பிப்ரவரியைத் தாண்ட விடாதே.

டி.பி.ஏ. மறுத்தால் போனில் சொல்வதை ஏற்காதே. எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கு. அதை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். நீ இருக்கும் புனேயிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்தக் கடிதங்களை எல்லாம் நான் எழுதித் தருகிறேன், அது எனக்குப் பழகிய வேலைதான்.

புனேயில் தனியாகச் செய்துகொள்வதா, கோயம்புத்தூரில் செய்துகொண்டு இங்கே வந்து இருப்பதா என்பது உன் முடிவு. கோயம்புத்தூர் என்றால், நீ நினைக்கும் ஆஸ்பத்திரி டி.பி.ஏ.வின் நெட்வொர்க்கில் (அவர்களோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலில்) இருக்கிறதா என்று பார்த்துவிடு. முதல் இரண்டு வாரம் வெறும் திரவம், அப்புறம் கூழாக மசித்தது, நாளுக்கு 60 கிராமாவது புரதம் என்று அம்மா இப்போதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரைதான் மருந்துச் செலவு பாலிசியில் வரும், அதன்பிறகு நம் பொறுப்பு. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

தூக்கப் பரிசோதனைக்குத் தேதி கிடைத்ததும் சொல். அறிக்கை வந்தால் யாருக்கும் அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பு. பாலிசி வாசகத்தோடு வரிக்கு வரி ஒத்துப்பார்த்துவிட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா