எல்லையோரத்தில் இருமொழி வாசிகசாலை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வவுனியா மாவட்டத்தின் தென்னெல்லையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஊர்களைச் சேர்ந்த நாங்கள், போரில் இடிந்துபோன பழைய சனசமூக நிலையத்தின் அத்திவாரத்தின்மீது தமிழ் நூல்களும் சிங்கள நூல்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஒரு வாசிகசாலையைக் கட்ட முனைந்திருக்கிறோம். அதற்கு உங்கள் உதவியைக் கேட்டு, கட்டடக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். செயலாளராக மட்டும் எழுதினால் இது செலவுக் கணக்கோடு முடிந்துவிடும் என்பதால், தம்பியைத் தொலைத்த ஓர் அக்காவாகவும் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

1990களில் ஊரைவிட்டு வன்னிக்குள் இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. 2009 வைகாசியில் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியே வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேரில் நானும் ஒருத்தி. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் தறப்பாள் கொட்டிலில் இருந்த மாதங்களில், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்ற ஒவ்வொரு முறையும் தம்பியின் முகத்தையே தேடினேன். அவன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சில வருடங்களின் பின், காணாமற்போனோர் தொடர்பான விசாரணை ஒன்றுக்காக ஓர் அலுவலகத்தின் வாங்கில் அவனுடைய படத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். அவருடைய கையிலும் என்னுடையதைப் போலவே பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு படம் இருந்தது. அது இராணுவத்தில் சேர்ந்து முன்னரங்கிலிருந்து திரும்பாத அவருடைய மகனின் படம். இரண்டு மணித்தியாலம் நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை, ஏனெனில் எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல்லும் இருக்கவில்லை. கடைசியில், தாயோடு வந்திருந்த பன்னிரண்டு வயது முஸ்லிம் சிறுமி ஒருத்திதான் எங்களுக்கு இடையில் இருந்து, அவர் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவருக்கும் சொன்னாள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் அவளுடைய தாயின் குடும்பமும் ஒன்று. தாய் புத்தளத்தில் அகதியாக வளர்ந்து சிங்களம் கற்றிருந்தார்; மகளுக்கு அது தாயிடமிருந்து வந்தது. எங்கள் மூன்று வீடுகளின் கதையையும் ஒரு குழந்தையின் வாயால்தான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அந்தச் சிங்கள அம்மா இன்று எங்கள் குழுவின் பொருளாளர்.

2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி வன்னியூடாக யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, இனிப் போர் இல்லை என்றே நான் நம்பினேன். 2006இல் அந்த வீதி மீண்டும் மூடப்பட்டது. அந்தப் போர்நிறுத்தம் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அரசியல் அறிந்தோர் பல காரணங்கள் சொல்வார்கள். மேலே கையெழுத்து வைக்கப்பட்டபோது கீழே நாங்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே இருந்தோம் என்பதையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஏற்றுக்கொண்டது 1987இல். இடையில் கழிந்த 31 வருடங்களில் ஒரு தலைமுறை மற்ற இனத்தின் மொழியைக் கல்லாமலே வளர்ந்து, பின்னர் ஆயுதத்தோடுதான் எதிரெதிரே சந்தித்தது. எங்கள் பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் இன்று இரண்டாம் மொழி இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பாடசாலையில் அதைக் கற்பிக்க ஆசிரியர் இல்லை.

வாசிகசாலையில் மாலைதோறும் இரு மொழி வகுப்புகளும் நடைபெறும். தமிழ், சிங்களப் பத்திரிகைகள் ஒரே மேசையில் கிடக்கும். உள்ளே ஒரு சுவரில், எங்கள் மூன்று ஊர்களிலும் போரில் இறந்தவர்களின், காணாமற்போனவர்களின் படங்களை வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது குழு ஏறக்குறைய உடைந்தே போனது. யாருடைய படம், எந்த வரிசையில், என்ன பெயரோடு என்று மூன்று மாதம் வாதிட்டோம். இருவர் விலகிப்போய் மீண்டும் வந்தனர். சீருடை அணிந்த படம் எதுவும் வேண்டாம், எந்தத் தரப்பின் சீருடையாயினும் வேண்டாம் என்று முடிவாயிற்று. பொருளாளர் அம்மாவிடம் இருந்த நல்ல படமோ சீருடைப் படம் ஒன்றுதான். இரு வாரம் கழித்து, மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு எடுத்த அடையாள அட்டைப் படத்தைத் தேடிக் கொண்டுவந்தார். என் தம்பியின் படமும் அதே பரீட்சைக்கு எடுத்ததுதான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதை மீளக் கட்டுவதற்காக 1990களின் பிற்பகுதியில் ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும் கேட்டு இயக்கம் நடத்தப்பட்டது. அதன் பின்னாலிருந்த அரசியலைப் பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அந்த வேண்டுகோள் எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே சிறிய அளவில் நாங்களும் கேட்கிறோம்.

காணி சனசமூக நிலையத்துக்கு உரியது. மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டது. கூலியின் பெரும்பகுதியை மூன்று ஊராரும் சிரமதானமாகச் செய்கிறார்கள். சீமெந்து, கம்பி, ஓடு, மரம், மின்னிணைப்பு, தளபாடம் ஆகியவற்றுக்கு 45 இலட்சம் ரூபா தேவைப்படுகிறது. அதில் 11 இலட்சத்தை ஊருக்குள்ளேயே சேர்த்துவிட்டோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க, மூன்று ஊர்களையும் சேர்ந்த தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். பற்றுச்சீட்டு இரு மொழியிலும் தரப்படும். மாதக் கணக்கு கட்டடத்தின் முன்னே ஒட்டப்படும். கொடுத்த தொகை பெரிதோ சிறிதோ, கொடுத்தவர் பெயர் சுவரில் பொறிக்கப்படமாட்டாது என்பதைத் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர் எங்கள் பிள்ளைகளின் படங்களுக்கு உரியது.

பணமாகத் தர இயலாதவர்கள் புத்தகமாகத் தரலாம். சிறுவர் கதைகள், அகராதிகள், பயிர்ச்செய்கை நூல்கள், பரீட்சை வழிகாட்டிகள் ஆகியவை இரு மொழியிலும் வேண்டும். இன்னோர் இனத்தை இழித்து எழுதப்பட்டவை எம்மொழியில் இருந்தாலும் ஏற்கமாட்டோம். சிங்களமோ தமிழோ இரண்டாம் மொழியாகக் கற்பிக்கக்கூடியவர்கள் விடுமுறையில் ஒரு வாரம் வந்து தங்கினாலும் பேருதவி. தங்க வீடும் சாப்பாடும் நாங்கள் தருவோம்.

ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். இல்லாவிட்டால் எழுப்பிய சுவர்கள் கார்த்திகை முழுவதும் நனைந்து நிற்கும். ஆகவே, கூரைக்கு உதவ எண்ணுபவர்கள் ஆவணி முடிவதற்குள் அறியத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
கட்டடக் குழுவின் சார்பில்