வெண்கலமா, வெள்ளியா?

கொலம்பஸ், ஒஹாயோ
26.11.2023

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

போன வாரம் தொலைபேசியில், "இன்சூரன்சுக்கு மாசம் எவ்வளவுப்பா கட்டணும்?" என்று நீங்கள் கேட்டபோது நான் மழுப்பிவிட்டேன். அது ஒரு வரியில் சொல்லி முடிகிற கணக்கு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பழைய கம்பெனியில் காப்பீடு வேலையோடு சேர்ந்தே வந்தது. இப்போது சேர்ந்திருக்கும் இடத்தில் பன்னிரண்டு பேர்தான். ஐம்பது முழுநேர ஊழியர்கள்கூட இல்லாத நிறுவனம் காப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. ஆகவே ஒபாமா 2010-இல் கையெழுத்திட்ட சீர்திருத்தச் சட்டத்தின்படி அரசு நடத்தும் இணையச் சந்தையில் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. டிசம்பர் 15-க்குள் சேர்ந்தால்தான் ஜனவரி 1 முதல் நடப்புக்கு வரும்.

உங்கள் மருமகளின் ஆஸ்துமாவை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். முன்பெல்லாம் தனியாக வாங்கப் போனால், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிக் கம்பெனிகள் மறுத்துவிடுமாம். 2014 முதல் அப்படி மறுக்கவோ, நோயைக் காட்டி விலையைக் கூட்டவோ முடியாது. வயது, ஊர், புகையிலைப் பழக்கம், வருமானம் எல்லாம் கேட்டார்களே தவிர, ஆஸ்துமாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

திட்டங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நம் ஊர்ப் பாத்திரக் கடையில் தொடங்கி நகைக் கடையில் முடிவதுபோல் பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவச் செலவில் சராசரியாக வெண்கலம் 60 விழுக்காட்டையும், வெள்ளி 70-ஐயும் ஏற்கும். மற்ற இரண்டும் அதற்கு மேல். நீங்கள் நெசவுக் கூலிக் கணக்கு எழுதுவதுபோல நோட்டில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். அரசு மானியம் போக வெண்கலம் மாதம் 18 டாலர்தான் என்று வந்ததும் கை துறுதுறுத்தது. அப்புறம்தான் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். ஆளுக்கு 7,500 டாலர் வரை நாமே செலவழித்த பிறகுதான் அது பெரும்பாலான செலவுகளுக்குக் காசு கொடுக்கத் தொடங்கும். தடுப்பூசி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதை இங்கே டிடக்டிபிள் என்கிறார்கள். இன்ஹேலரும் டாக்டரும் மாதாமாதம் தேவைப்படும் வீட்டுக்கு அந்தப் பதினெட்டு டாலர் மலிவு அல்ல.

எங்கள் வருமானம் ஆண்டுக்கு 58,000 டாலர். மூன்று பேர் குடும்பத்துக்கு இந்த வருமானம் இருந்தால் வெள்ளித் திட்டத்துக்கு மட்டும் டிடக்டிபிளையும் கொஞ்சம் இறக்கித் தருகிறார்கள். வெண்கலத்தையோ தங்கத்தையோ எடுத்தால் அந்தச் சலுகை இல்லை. அதனால் மாதம் 170 டாலர், நம் பணத்தில் சுமார் பதினான்காயிரம் ரூபாய் ஆகும் வெள்ளியை எடுக்க முடிவு செய்தோம்.

அதிலும் ஒரு தடங்கல் வந்தது. நான் முதலில் குறித்து வைத்திருந்த வெள்ளித் திட்டம் ஏற்கும் டாக்டர்கள் பட்டியலில் உங்கள் மருமகளின் நுரையீரல் டாக்டர் பெயர் இருந்தது. சந்தேகத்துக்கு அவர் கிளினிக்குக்கே போன் செய்தால், அந்தத் திட்டத்தை விட்டு வெளியேறிப் பல மாதம் ஆகிறது என்றார்கள். கேட்காமல் சேர்ந்திருந்தால் அவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் முழுப் பணமும் நம் தலையில்தான். அவர் இருக்கும் வேறொரு வெள்ளித் திட்டத்தைத் தேடி எடுக்க அந்தச் சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. வருமானத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டால், அதிகமாக வந்த மானியத்தை வருமான வரிக் கணக்கு கொடுக்கும்போது திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளம் உயர்ந்தால் உடனே தெரிவித்துவிட வேண்டும் என்று உங்கள் மருமகள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை நீட்டியதோடு சரி. ஐந்து லட்சம் வரைக்குமான அந்தக் காப்பீட்டின் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அந்த அட்டைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்ததாக அன்று குறைபட்டுக்கொண்டீர்கள். இந்த மூன்று வாரத்தை நீங்கள் இங்கிருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஓர் உதவி வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனையில் அவள் வைத்தியம் பார்த்தபோது கொடுத்த பழைய மருந்துச் சீட்டுகள் பீரோவின் மேல்தட்டில் பச்சை உறையில் இருக்கும். தம்பியை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; ஜனவரியில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாப்பா உங்கள் இருவருக்கும் முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்