சேவல் ஆடுவது யாருக்கு?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தீக்கோழிச் சேவல் நாளெல்லாம் ஆடியும், இன்குபேட்டரில் வைத்த முட்டையில் பாதி கூமுட்டையாகப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். தென்னாப்பிரிக்காவில் ஔட்ஸ்ஹோர்ன் பக்கம் ஜூன் தொடங்கி ஜனவரி வரை முட்டைக்காலம், ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் ஒன்றைக் கவனி: அது ஆடுவது பெட்டைக்கா, உனக்கா?

கிண்டல் இல்லை. பிரிட்டன் பண்ணைகளில் இதையே உட்கார்ந்து கணக்கெடுத்து 1998இல் கட்டுரை போட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் தீக்கோழிகளின் இணைகூடும் ஆட்டம் கூடுகிறதாம். சேவல், பெட்டை இரண்டுக்குமே. 2002இல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கை விருதைக் கொடுத்து ஊரே சிரித்தது. தீவனக் காசு கட்டுகிறவனுக்குச் சிரிப்பு வராது.

அதனால் வேலியோரம் நின்று பார்த்ததை வைத்து ஜோடியை எடைபோடாதே. தள்ளி நிறுத்திய வண்டிக்குள்ளிருந்து காலையில் ஒரு மணி நேரம் பார். சேவலின் அலகும் காலின் முன்புறமும் சிவந்திருக்கும். மடங்கி உட்கார்ந்து, சிறகுகளை விரித்து மாறி மாறி வீசும். தலை இடமும் வலமுமாக முதுகில் மோதும் சத்தம் உனக்கே கேட்கும். அப்போது பெட்டை தலையைத் தாழ்த்தி, சிறகை முன்னால் தொங்கவிட்டு நடுக்கி, அலகைத் தட்டுகிறதா? தட்டிவிட்டு உட்கார்ந்தால் ஜோடி சரி. சேவல் பாதி ஆட்டத்தில் எழுந்து அடுத்த பட்டிச் சேவலை நோக்கி ஓடி, வேலி நெடுகிலும் நடை போட்டால் கோளாறு அங்கே. பொதுவேலியில் ஆள் உயரத்துக்கு நிழல்வலை கட்டு. நடுவில் ஒரு பட்டியைக் காலியாக விட முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டை விடலாமா என்கிறாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காட்டில் பல பெட்டைகள் ஒரே குழியில் இடும். பெட்டைகளில் அடைகாப்பது மூத்தவள் ஒருத்திதான். இருபது முட்டைக்கு மேல் உடம்புக்கு அடியில் அடங்காது. மிஞ்சியதை வெளியே தள்ளும்போது தன் முட்டையைத் தள்ளமாட்டாள், அடையாளம் தெரியும். கென்யாவின் மேற்கு சாவோ தேசியப் பூங்காவில் பெர்ட்ராம் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து சொன்னது இது. பட்டியில் இளையவளுக்கு ஒதுங்க இடமில்லை. துரத்தப்பட்டு வேலியோரச் சேற்றில் இடுவாள். போதாததற்கு எது யார் முட்டை என்றும் தெரியாது. ஜோடியாகவே வை.

குழியில் உலர்ந்த மணல் கொட்டி, மேலே ஒரு கூரை போட்டு, பொய்முட்டை ஒன்று வை. பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பெரும்பாலும் மாலையில் இடும். அன்றே எடுத்துவிடு, ஈரமும் சாணமும் பட்ட ஓட்டின் வழியே கிருமி உள்ளே போகும். எடுக்க எடுக்கத்தான் அது இட்டுக்கொண்டே போகும், விட்டுவைத்தால் அடைக்கு உட்காரும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கையில் கவட்டை முள்கிளை இருக்கட்டும். கண்ணுக்கு எதிரே நீட்டினால் சேவல் நின்றுவிடும். உதை முன்பக்கமாகத்தான் வரும், நெஞ்சைக் கிழிக்கும்.

எடுத்த முட்டையை 17 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே. பிறகு இன்குபேட்டரில் 36 டிகிரிக்குச் சற்று மேலே, 42 நாள். ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டினால் முட்டை போதிய எடை இழக்காது, குஞ்சு நீர்கோத்து உள்ளேயே சாகும்.

பதினான்காம் நாள் வெளிச்சத்தில் பார்த்துத் தெளிவாக இருப்பதையெல்லாம் சேவல் கணக்கில் எழுதாதே. முதல் சில நாளில் செத்த கருவும் அப்படித்தான் தெரியும். அன்றைக்கு இட்ட முட்டை ஒன்று போனால் போகட்டும், தட்டில் உடைத்துப் பார். மஞ்சள் கருவின் மேல் வெள்ளைப் புள்ளி வட்ட வளையமாக இருந்தால் சேவலிடம் குற்றமில்லை, சேமிப்பையும் இன்குபேட்டரையும் பார். சிறியதாய், ஓரம் பிய்ந்தாற்போல் இருந்தால் சேவல்தான். அதன் வயதையும் எழுது. மூன்று வயது நிரம்பாததையோ, கொழுத்ததையோ திட்டிப் பயனில்லை.

புள்ளியைப் படம் எடுத்து அனுப்பு, கிட்டத்தில் எடு.

அன்புடன்,
செல்வம்