மலச்சிக்கலும் குடல் நரம்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வு இணைப்பில் வெளிவந்த மலச்சிக்கல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கீரை, வாழைத்தண்டு, போதிய தண்ணீர், நடைப்பயிற்சி என அதில் சொல்லியிருப்பவை பெரும்பாலோருக்குப் பொருந்தும், மறுப்பதற்கில்லை. ஆனால், உணவைச் சரிசெய்தால் எந்த மலச்சிக்கலும் தீர்ந்துவிடும் என்ற தொனியில் கட்டுரையை முடித்திருந்தது, பிரசவ வார்டில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற என்னை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

குடலுக்கென்று தனி நரம்பு மண்டலம் உண்டு. குடல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே வலைபோல் பின்னிக் கிடக்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள்தான், ஓரிடத்தை இறுக்கி அடுத்த இடத்தைத் தளர்த்திச் சக்கையைக் கீழே தள்ளுகின்றன. கருவின் ஐந்தாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் இவை மேலிருந்து குடல் நெடுக நகர்ந்து ஆசனவாய் வரை போய்ச் சேர வேண்டும். வழியிலேயே நின்றுவிட்டால், அதற்குக் கீழுள்ள குடல் தளர வழியின்றிச் சுருங்கியே கிடக்கும். கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-இல் பெர்லினில் எடுத்துரைத்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் இந்நோய், ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. அதிலும் ஆண் குழந்தைகளே மிகுதி. ரெட் என்னும் மரபணுவில் உள்ள பிழை இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. மலம் தேங்கிப் பானைபோல் வீங்கித் தெரியும் மேற்குடலில்தான் பழுது என்று மருத்துவர்களே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். உண்மையில் பழுது, பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத கீழ்ப்பகுதியில் இருந்தது. 1948-இல் பாஸ்டனில் ஆர்வார் ஸ்வென்சன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், அந்தப் பகுதியை வெட்டியெடுத்து நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவை சிகிச்சையை வெளியிட்ட பிறகே இதற்குச் சரியான வழி பிறந்தது.

என் தம்பி மகளின் ஆண் குழந்தை, பிறந்து மூன்றாம் நாள்தான் முதல் மலம் கழித்திருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகும் நான்கு நாள், ஐந்து நாள் என்று தள்ளிப்போகும். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். உருவியதும் காற்றும் மலமுமாகப் பீறிட்டு வரும். கைவைத்தியம் பலித்ததென்று எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பீறிடலே இந்நோயின் அடையாளம் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியூரில் இருந்த எனக்கும் யாரும் சொல்லவில்லை. காட்டிய இடங்களில் எல்லாம் பழம் கொடுங்கள் என்றே அனுப்பிவிட்டார்கள். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் குடமாகவும் இரண்டு வயதில் அவனைப் பார்த்தபோதுதான், முதல் மலம் எப்போது போனான் என்று கேட்டேன். பிறகு மலக்குடல் சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்ததில் நரம்பணு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கவனியாமல் விட்டிருந்தால் குடல் அழற்சி கண்டு, காய்ச்சலும் நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கும் வந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

உணவால் மட்டும் எல்லா மலச்சிக்கலும் தீராது என்பது பெரியவர்களுக்கும் பொருந்தும். தைராய்டு சுரப்புக் குறைவு, குடல் நரம்புகளைப் பாதிக்கும் நாள்பட்ட சர்க்கரை நோய், இரும்புச்சத்து மாத்திரை என்று காரணங்கள் பல. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலச்சிக்கல் வந்துவிடுவதுண்டு. இவர்களிடம் போய் இன்னும் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்பது, பாவம், அவர்கள் மீதே பழிபோடுவதாகும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிறத்தில் முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் கடந்தும் கழிக்காவிட்டாலோ, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தாலோ, உடனே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். பிறந்த நேரத்தையும் எடையையும் எழுதிக்கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில், முதல் மலம் கழித்த நேரத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லி எல்லா மருத்துவமனைகளுக்கும் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். இணைப்பின் அடுத்த இதழில் இந்த 48 மணி நேரக் கணக்கையாவது கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருவாரூர்.